ஒருசந்தி இருந்த நாய்

நான் மாட்டு டாக்டர். படித்த படிப்புக்குப் பெயர் கால்நடை மருத்துவம். அரசாங்கம் கொடுத்த பதவிக்கு அதைவிட நீளமாக ஒரு பெயர் உண்டு. ஆனால் சேலம் ஜில்லாவில் மாட்டு டாக்டர் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். ஐம்பதுகளின் கடைசியில் இந்த மாட்டு டாக்டருக்கு ஆராய்ச்சிக் கிறுக்குப் பிடித்திருந்தது. சென்னையில் எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர், நாய்களுக்கு எலும்பு ஒடிவதைப் பற்றியும் எலும்பில் வரும் நோய்களைப் பற்றியும் நம் பக்கத்தில் யாரும் பார்த்து எழுதவில்லை, நீ பாரேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவர் பேச்சுக்குச் சொன்னாரோ என்னவோ, நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பிடித்த பிறகுதான் ஒன்று புரிந்தது. எங்கள் பக்கத்தில் நாய்க்குக் கால் ஒடிந்தால் அதை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரும் மனிதன் இன்னும் பிறக்கவில்லை. மாட்டுக்குக் கொம்பு கீறினால் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். நாய் நொண்டினால், "அதுக்கென்னங்க, இன்னும் மூணு காலு இருக்குதுல்ல" என்பார்கள். ஆகவே நானே நாய்களைத் தேடிப் போனேன். மல்லசமுத்திரத்தில் எங்கள் வீட்டைச் சுற்றித் திரிந்த நாய்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் காலைத் தடவிப் பார்த்தேன். லாரியில் அடிபட்டது, கல்லடி வாங்கியது, கிணற்றில் விழுந்து எழுந்தது என்று எல்லா வகையும் இருந்தன. ஒடிந்த எலும்பெல்லாம் தானாகக் கூடி, கோணலாக இருந்தாலும் இரும்பாக இருந்தது. ஆராய்ச்சிக்கு அவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சந்தையில் என் அப்பாவை நிறுத்தி, "ஏனுங்க, பையன் மாட்டுக்குப் படிச்சுப்போட்டு நாய் காலப் புடிச்சுக்கிட்டுத் திரியறானாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். என் மேல் வந்த கோபத்தை அவர் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினார்.

அந்த நாட்களில் எங்காவது ஒரு நாய் வீலென்று கத்தினால் என் முகம் மலர்ந்துவிடும். ஆராய்ச்சி ஒரு நல்ல மனிதனை அப்படித்தான் ஆக்கிவிடுகிறது.

அந்த நிலைமையில்தான் சூரமங்கலத்திலிருந்து ஒரு ரயில்வே கார்டு சேலம் டவுனில் இருந்த என் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியும் விசிலுமாக நிற்பாரே, அந்த வேலை. வாட்டசாட்டமான ஆள். கழுத்தில் ஜெபமாலை. மகள்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு அவரும் மனைவியும் மட்டும் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். கைக்குழந்தையைப் போல் துண்டில் சுற்றி ஒரு நாய்க்குட்டியை ஏந்திக்கொண்டு, எருமைகளுக்கு நடுவே அவர் வரிசையில் நின்றதைப் பார்த்ததும் எனக்கு எழுந்து போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அது சீமை நாய் என்றார். சீமை காதோடு நின்றுவிட்டது, பாக்கியெல்லாம் சேலம் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். அந்தப் பெயரில் பின்னால் ஒரு பெரிய மனிதர் கிளம்பிவிட்டதால் இங்கே எழுதாமல் விடுகிறேன். கட்டிலிலிருந்து குதித்ததில் முன்னங்கால் ஒடிந்திருந்தது. கட்டில் முழங்கால் உயரம்கூட இல்லையாம்.

"என்ன சாப்பாடு போடறீங்க?" என்று கேட்டேன்.

"கறிங்க."

"கறியோட வேற என்ன?"

"கறிதானுங்க. தனிக்கறி. எலும்பு, ஜவ்வு ஒண்ணும் இருக்காது. கடையில நானே நின்னு பாத்து வாங்கியாறேன்."

"எலும்பு போடறதே இல்லீங்களா?"

"எலும்பு தெருநாய் திங்கறதுங்க" என்றார். அவருடைய குடும்பத்தைப் பற்றி நான் ஏதோ தவறாகப் பேசிவிட்ட மாதிரி முகம் சுருங்கியது.

சோறு போட்டால் நாய்க்கு வயிறு தொங்கும், பால் கொடுத்தால் பூச்சி வைக்கும், களி போட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதெல்லாம் அவருடைய கொள்கைகள். அவருக்கே கறி என்றால் உயிர். வெள்ளிக்கிழமை மட்டும் கிறிஸ்தவ வழக்கப்படி வாயைக் கட்டுவார். அந்த வெள்ளிக்கிழமையிலும் நாய்க்கு மட்டும் தனிக்கறி வந்துவிடும். இந்தச் சாப்பாட்டின் மேல் அந்தக் காலத்தில் யாருக்கும் சந்தேகம் வராது. கறி தின்றால் பலம் என்ற நம்பிக்கையில் எங்கள் ஜில்லாவில் ஜாதி மத வித்தியாசமே கிடையாது. நான் மாவுக் கட்டுப் போட்டு, மீன் எண்ணெய் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.

கட்டுப் பிரித்துக் கொஞ்ச நாளில் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை பின்னங்கால். குதிக்கவில்லை, விழவில்லை. டியூட்டி முடிந்து வந்தவர் வாசலில் விளையாட்டாக விசிலை ஊதியிருக்கிறார். நாய் சந்தோஷத்தில் சட்டென்று திரும்பியிருக்கிறது. அவ்வளவுதான்.

"முருங்கைக் கொம்பு முறியற மாதிரி சத்தங்க" என்றார். "இந்தக் காதுல கேட்டனுங்க." சொல்லும்போதே வலது காதைப் பொத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் தன் வீட்டுக்குள் திருடனைப் போல நடமாட ஆரம்பித்தார். நாய்க்குச் சந்தோஷம் வந்துவிடக் கூடாது என்று பயம். சந்தோஷம் வந்தால் துள்ளும், துள்ளினால் ஒடியும். ஆகவே பின்கட்டு வழியாக நுழைவார். முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வார். பெயரைச் சொல்லிக் கூப்பிடமாட்டார். நாயோ வாலை ஆட்டிக்கொண்டு சுவரை நக்கிக்கொண்டிருக்கும். குவார்ட்டர்ஸ் சுவரில் அதன் நாக்கு எட்டிய உயரம் வரைக்கும் வெள்ளையடித்த சுண்ணாம்பு காணாமல் போயிருந்தது. கவலைப்பட்டு, அவர் கறியைக் கால் ராத்தல் கூட்டினார்.

தலைமை ஆஸ்பத்திரியில் இருந்த என் மேலதிகாரி நாயைப் பார்த்தார். சுவர் நக்குவதற்குக் காரணம் பூச்சி என்றார். எலும்பு ஒடிவதற்குக் காரணம் பிறவிக் கோளாறு என்றார். என்னைத் தனியே அழைத்து, "ஊசி போட்டு முடிச்சிடு. கால் எலும்பை எடுத்து உன் பேராசிரியருக்கு அனுப்பு. நாய்க்கும் விடுதலை, உன் ஆராய்ச்சியும் முடிஞ்ச மாதிரி" என்றார். அவர் குரல் கொஞ்சம் பெரியது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கார்டுக்கு எல்லாம் கேட்டிருந்தது. எழுந்து என்னிடம் வந்தார்.

"இன்னொருக்கா ஒடிஞ்சுதுன்னா நானே தூக்கிட்டு வாரேனுங்க. நீங்களே ஊசியப் போட்டுருங்க. ஆனா இப்ப வேண்டாமுங்க. இன்னும் ஒருக்கா பாக்கலாமுங்க" என்றார். ஒரு ஆராய்ச்சியாளனுக்கு வரக் கூடாத துக்கம் அப்போது எனக்கு வந்தது.

எலும்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. மாட்டாஸ்பத்திரியில் எக்ஸ்ரே ஏது? சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டர் சொந்தமாக எக்ஸ்ரே வைத்திருந்தார். எனக்குக் கொஞ்சம் பழக்கம். நோயாளிகள் எல்லாம் போன பிறகு பின்வாசல் வழியாக வரவேண்டும், வெளியே மூச்சு விடக் கூடாது என்ற நிபந்தனையில் ஒப்புக்கொண்டார். மேஜை மேல் படுக்க வைத்தால் நாய் படுக்கவில்லை. கடைசியில் கார்டே மேஜை மேல் ஏறிப் படுத்து, நாயைப் பக்கத்தில் அணைத்து, கையால் அதன் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். "இதுல பேஷண்ட் யார்னு பொத்தானை அமுக்கறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க" என்றார் டாக்டர்.

படம் வந்தது. அதில் கார்டின் கை எலும்புகள், கல்யாண மோதிரத்தோடு, வெள்ளை வெளேரென்று ஜம்மென்று விழுந்திருந்தன. நாயின் கால் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் பனிமூட்டம். சதை எது, எலும்பு எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நானும் டாக்டரும் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தோம். கார்டு மட்டும் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம கையி நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார். பிறகு, "ஏனுங்க, அதோடது எங்கீங்க?" என்று கேட்டார்.

அடுத்த புதன்கிழமை நான் சூரமங்கலம் போனபோது கார்டும் அவர் மனைவியும் நெற்றியில் சாம்பலோடு நின்றிருந்தார்கள். அன்றைக்கு விபூதிப் புதனாம். அன்று முதல் ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாள் வரை அவர்களுக்குத் தபசு காலம். ஒருசந்தி இருப்பார்கள், அதாவது ஒருவேளைச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை என்றில்லாமல் அந்தக் காலம் முழுவதும் வீட்டு அடுப்பில் கறி ஏறாது. இதெல்லாம் எனக்குப் புதிது. அதைவிடப் புதிது, நாயின் நெற்றியிலும் சாம்பல் இருந்தது.

"கோயில்ல கேட்டா சாமியார் வைய்வாருங்க. அதனால என் நெத்தியிலிருந்தே கொஞ்சம் தொட்டு வெச்சுட்டேன்" என்றார் கார்டு. அலமாரியில் ஒரு அர்ச்சிஷ்டவர் சுரூபம், அவர்கள் வழக்கில் புனிதர் சிலை, இருந்தது. காலில் புண்ணோடு அவர் நிற்க, பக்கத்தில் ரொட்டியைக் கவ்விக்கொண்டு ஒரு நாய். கால் கூட வேண்டும், நாயும் ஒருசந்தி இருக்கும் என்று அவருக்குப் பொருத்தனை, அதாவது வேண்டுதல், செய்திருந்தார்கள்.

"பொருத்தனை நீங்க செஞ்சது. நாய் எதுக்குங்க ஒருசந்தி இருக்கோணும்?" என்று கேட்டேன்.

"காலு யாருதுங்க? அதோடதுதானே? அப்ப அதுதானே இருக்கோணும்?" என்றார்.

மறுநாள் எனக்கு மல்லசமுத்திரம் பக்கம் மாடுகளுக்கு வெக்கை நோய் ஊசி போடும் முகாம் வந்துவிட்டது. கிராமம் கிராமமாக அலைந்தேன். வாரங்கள் ஓடின. ஒவ்வொரு நாளும் யாராவது வந்து, நாயைத் தூக்கிக்கொண்டு கார்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதாகச் சொல்லப்போகிறார்கள் என்று பயந்தபடியே இருந்தேன். யாரும் வரவில்லை. பாஸ்குக்கு முந்தைய சனிக்கிழமைதான் திரும்பி சேலம் வந்து, கார்டையும் நாயையும் ஃபேர்லேண்ட்ஸுக்கு அழைத்துப் போனேன். இந்தத் தடவையும் இருவரும் சேர்ந்தே படுத்தார்கள். படத்தில் மனிதன் கையும் வெள்ளை, நாய்க் காலும் வெள்ளை. எலும்பு எலும்பாக எண்ணிவிடலாம். ஒடிந்த இடம் முடிச்சுப் போலக் கரணை கட்டிக் கூடியிருந்தது.

"புதுமைங்க, அர்ச்சிஷ்டவர் செஞ்ச அற்புதமுங்க" என்றார் கார்டு. கண்ணில் தண்ணீர்.

வீட்டில் கொண்டு விட்டபோது அவர் மனைவியிடம், இத்தனை நாள் நாய் என்ன தின்றது என்று ஒப்புக்குக் கேட்டு வைத்தேன். "எங்களோட சேந்து களியும் நெத்திலிக் கருவாடுந்தானுங்க, பாவம். நாளையோட அதுக்கும் விடுதலை. ரெண்டு ராத்தல் தனிக்கறி சொல்லி வெச்சிருக்குது" என்றார் அந்த அம்மாள். ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டு நான் ஊருக்குப் பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மல்லசமுத்திரம் வீட்டில் அம்மா கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். ஒரு நெத்திலியை எடுத்து, முள்ளை எடுக்காமல், எல்லாரையும் போல முழுசாக மென்றேன். மென்றுகொண்டே இரண்டு எக்ஸ்ரே படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மெல்லுவது நின்றுவிட்டது. முள் என்பது எலும்பு. எலும்பு என்பது சுண்ணாம்பு. களியிலும் சுண்ணாம்புச் சத்து ஏராளம். தனிக்கறியில் அது இல்லவே இல்லை என்று சொல்லலாம். வெறும் கறியாகத் தின்கிற குட்டியின் உடம்பு, தேவையான சுண்ணாம்பைத் தன் எலும்பிலிருந்தே சுரண்டி எடுத்துக்கொள்ளும். எலும்பு காகிதமாகும். அதனால்தான் அது சுவரைத் தின்றது. அதனால்தான் எலும்பும் களியுமாகத் தின்ற எங்கள் ஊர் நாய்களின் கால் இரும்பாக இருந்தது. சூரமங்கலத்தில் இந்நேரம் இரண்டு ராத்தல் தனிக்கறி அடுப்பில் வெந்துகொண்டிருக்கும்.

கை கழுவினேனா என்று நினைவில்லை. ஓடிப் போய்ப் பஸ் பிடித்தேன். அது வழியெல்லாம் நின்று கோழிக்கூடை ஏற்றிக்கொண்டு வந்தது. கண்டக்டரோடு சண்டை போட்டேன். கார்டு வீட்டுக்குள் நான் புகுந்தபோது, பூசைக்குப் போய் வந்த புது வேட்டியோடு அவர் குனிந்து நாய் முன்னால் தட்டை வைத்துக்கொண்டிருந்தார். விருந்துக்கு அழைக்கப்பட்ட பங்குச் சாமியார் நாற்காலியில் இருந்தார். நான் பாய்ந்து தட்டைப் பிடுங்கினேன். நாய் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. பல்லும் நன்றாகக் கெட்டிப்பட்டிருந்தது.

"பாஸ்குத் திருநாளு அன்னைக்கு அது வாயிலிருந்து புடுங்கறீங்களே, அடுக்குமாங்க?" என்று கத்தினார் கார்டு. ரத்தம் சொட்ட நான் இரண்டு படங்களையும் ஜன்னலில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கறிதான் நோய், களியும் கருவாடும்தான் மருந்து என்றேன். வளர்ந்து முடிகிற வரைக்கும் இந்தக் கறியை இது தொடவே கூடாது என்றேன்.

அவர் படத்தைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நாந்தான் ஒடிச்சேனுங்களா? ஆசை ஆசையா வாங்கியாந்து போட்டு, நானே ரெண்டு காலையும் ஒடிச்சனுங்களா?"

சாமியார்தான் காப்பாற்றினார். "ஆசையினால் போட்டீர். ஆசைப்பட்டதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. எழுந்திரும், சோறு ஆறிப்போகிறது" என்றார்.

"இனி வருசம் பூராவும் அதுக்குத் தபசு காலந்தானுங்களா, சாமி?"

"நாய்க்குத் திருச்சபையில் சட்டம் இல்லை. டாக்டர் சொன்னபடி செய்யும்."

"கால் கூடினது அர்ச்சிஷ்டவரால இல்லீங்க, கருவாட்டால" என்று நான் வெற்றிக் களிப்பில் அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் என் கையில் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டே, "அந்தக் கருவாட்ட வாங்க வெச்சது யாருங்க?" என்று கேட்டார். சாமியார் இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. பின்னால் நான் எழுதிய கட்டுரையில், சொந்தக்காரர் வீட்டு வழக்கத்தை முன்னிட்டு உணவு மாறியது என்று மட்டும் போட்டுத் தப்பித்தேன்.

அன்று விருந்தில் கார்டு சாப்பிடவில்லை. இலையில் கறி இருந்தது. கை வாய்க்குப் போகும்போதெல்லாம் நாய் தன் களித் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தது. மூன்று தடவை கையை இறக்கினார். பிறகு இலையை என் பக்கம் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கறி சமைக்கவே இல்லை என்று அவர் மனைவி சொன்னார். நாய் தின்னக் கூடாததை அதன் கண் முன்னால் தின்ன அவரால் முடியவில்லையாம்.

மழைக்காலத்தில் ஒருநாள் ஜங்ஷன் பக்கத்து மிலிட்டரி ஹோட்டலில் நுழைந்தேன். மூலை மேஜையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கார்டு சாப்ஸ் தின்றுகொண்டிருந்தார். பீடி குடித்து மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பையனைப் போல விழித்தார்.

"டாக்டரே, ஊட்டுல சொல்லிராதீங்க."

"அம்மாவுக்குத் தெரியாதுங்களா?"

"அவளுக்குத் தெரியுமுங்க. அதுக்குத்தான் தெரியக் கூடாது. மோந்து பாத்துக் கண்டுபுடிச்சுருது. அப்புறம் மூஞ்சி குடுத்துப் பேசறதில்லீங்க."

சோப்புப் போட்டு அவர் கை கழுவிய கழுவலுக்கு ஹோட்டல்காரன் சண்டைக்கு வந்துவிட்டான். வெற்றிலையும் போட்டுக்கொண்டார். இருவரும் நடந்து குவார்ட்டர்ஸ் தெருவுக்குள் திரும்பினோம். நாய் நன்றாக வளர்ந்திருந்தது. காம்பவுண்டு சுவரின் மேல், என் தோள் உயரத்தில், எப்படியோ ஏறி நின்றுகொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் அதற்குத் தலைகால் புரியவில்லை.

"வேண்டாம் சாமி, வேண்டாங் கண்ணு" என்றார் அவர். அது குதித்துவிட்டது.

அவர் கண்ணை இறுக மூடி, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். நாய் தரையில் பட்ட சத்தம் தவிர வேறு சத்தம் எதுவும் வரவில்லை. அது ஓடி வந்து அவர் மேல் காலைத் தூக்கி வைத்து, சோப்பு எட்டாத முழங்கையை முகர்ந்தது. மறுபடியும் முகர்ந்தது. காலைக் கீழே இறக்கி, திரும்பி, அவரை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தது.

"நடக்குதுங்களா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"நடக்குதுங்க. உங்க மேல கோவமா நடக்குது."

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

"கோவிச்சுக்கட்டுமுங்க" என்றார். "நல்லாக் கோவிச்சுக்கட்டும். இப்பிடியே நாலு காலுலயும் நடந்துக்கிட்டே கோவிச்சுக்கட்டும்."